சுனார்: தூணும் செக்கும்

இந்தியக் குடியரசின் சின்னமான சாரநாத் சிங்கத் தலைப்பு எந்தக் கல்லில் செதுக்கப்பட்டது என்று கேட்டால், வரலாறு படித்தவர்கள் ‘சுனார் மணற்கல்’ என்று தயங்காமல் சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் சுனாரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் பேச்சு நின்றுவிடும். கலை வரலாற்று நூல்களில் அந்த ஊர் ஒரு அடைமொழியாகத்தான் வருகிறது. கல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர், அவ்வளவுதான். இந்தி வாசகர்களுக்குச் சற்று அதிகம் தெரியும், ஆனால் அதுவும் கல்லால் அல்ல. தேவகி நந்தன் கத்ரி 1888-இல் எழுதிய ‘சந்திரகாந்தா’ நாவலின் மாயக்கோட்டை சுனாரில் இருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தின் மிர்ஸாப்பூர் மாவட்டத்தில், கங்கையின் தென்கரையில், காசிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் மேலே இருக்கிறது இந்த ஊர். 2011 கணக்கெடுப்பில் 40 ஆயிரம் பேர்கூட இல்லை. விந்திய மலைத்தொடரின் கிழக்குக் கிளையான கைமூர் மலை வடக்கே வந்து கங்கையைத் தொடும் இடம் இது. ஆற்றுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் பாறைமேல் கோட்டை, கோட்டைக்குக் கீழே படகுத் துறை, பின்னால் குன்றுகள். கல்லும் தண்ணீரும் ஒரே இடத்தில் வாய்த்திருப்பது எவ்வளவு அரிய விஷயம் என்பது கங்கைச் சமவெளியின் வரைபடத்தைப் பார்த்தால் புரியும். கான்பூரிலோ பாட்னாவிலோ கிணறு தோண்டினால் மண்ணும் மணலும் களிமண்ணும்தான் வரும்; பாறை எட்டாத ஆழத்தில் கிடக்கிறது. அந்த நாட்டில் வீடு கட்டச் செங்கல்லும் மரமும் உண்டு. கல் வேண்டுமென்றால் ஆற்றங்கரைக்கு வரும் மலையைத்தான் தேடவேண்டும். கிழக்கே முங்கேர், ராஜ்மகால் பக்கம் மலைகள் ஆற்றை நெருங்குகின்றன. ஆனால் பெரிய பாளமாக வெட்டக்கூடிய, உளிக்கு இணங்கும் மணற்கல் என்று பார்த்தால் சுனாருக்கு நிகரான துறை அதிகமில்லை.

நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு ஆழமற்ற கடலின் ஓரத்தில் படிந்த மணல், இறுகிக் கல்லானது. சில பாளங்களைப் பிளந்தால் அந்தக் கடலின் அலைத் தழும்பு இன்றும் வரிவரியாகத் தெரியும். பெரும்பாலும் குவார்ட்ஸ் மணிகள். அவற்றைப் பிணைத்திருப்பதும் சிலிகாதான். வெளிர் மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம், அங்கங்கே மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள். அடுக்குகள் ஏறக்குறையக் கிடைமட்டமாக இருப்பதால் மேலிருந்து ஒவ்வொரு பாளமாகக் கழற்றலாம்.

தமிழ்நாட்டில் கல் என்றாலே நமக்குக் கருங்கல்தான். மணற்கல்லின் குணத்தை அறிய வேண்டுமானால் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போகவேண்டும். அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். பல்லவச் சிற்பியின் விரல் நுணுக்கமும் அதன்பின் வந்த 1,300 ஆண்டுக் காற்றும் மழையும் ஒரே சுவரில் பதிந்திருக்கின்றன. சுனார் கல் அதைவிட இறுக்கமானது. இருந்தாலும் இரண்டும் ஒரே குடும்பம். செதுக்க இளகிக் கொடுக்கும், அடுக்கு வழியாகப் பிளந்து கொடுக்கும், தண்ணீர் உள்ளே போக வழி கிடைத்தால் உதிரும்.

இனி அசோகருக்கு வருவோம். பொ.ஆ.மு. மூன்றாம் நூற்றாண்டில் நிறுத்தப்பட்ட ஒற்றைக்கல் தூண்கள் எல்லாம் சுனாரிலிருந்து போனவை என்று பாடநூல்கள் சொல்லும். கூடவே ‘ஒவ்வொன்றும் 50 டன் எடை’ என்றும் ஒரு வரி வரும். இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம் வரும். பீகாரின் சம்பாரண் பகுதியில் லௌரியா நந்தன்கட் என்னும் இடத்தில் சிங்கத்தோடு நிற்கும் தூணை எடுத்துக்கொள்வோம். தரைக்கு மேலே தண்டு சுமார் 10 மீட்டர். அடியில் 90 சென்டிமீட்டர் விட்டம், உச்சியில் 66. கன அளவு ஐந்து கனமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. மணற்கல் கனமீட்டருக்கு 2.4 டன் என்று வைத்தால் 12 டன். இன்று டெல்லியில் நிற்கும் தோப்ரா தூண் 13 மீட்டர் நீளம். அதுவும் 17 டன்னைத் தாண்டாது. மண்ணுக்குள் புதைந்த பகுதியையும், செதுக்குவதற்கு முன் கூடுதலாக இருந்த கல்லையும் சேர்த்தால் எண் கூடும். மிகப் பெரிய தூணின் முரட்டுப் பாளத்துக்கு வேண்டுமானால் 50 டன் பொருந்தலாம். எடையைக் குறைத்துச் சொல்வதால் வேலையின் பெருமை குறைந்துவிடாது. விரிசல் இல்லாமல் 12 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாளத்தை மலையிலிருந்து கழற்றுவதுதான் உண்மையான சவால். எடை இரண்டாவது கவலை. 12 டன்னைக் கட்டுமரம்போல் பிணைத்த படகுகள் தாங்கும். பாதியில் விரிசல்விட்ட தூணை எந்தப் படகும் காப்பாற்றாது.

எல்லாத் தூண்களும் சுனாருடையவைதானா என்பதும் இன்னும் தீராத வழக்கு. ஜெர்மானிய அறிஞர் ஹாரி ஃபால்க், கௌசாம்பிக்கு அருகில் யமுனைக் கரையில் இருக்கும் பபோசா குன்றைச் சுட்டிக்காட்டினார். அதுவும் மணற்கல், அதுவும் ஆற்றோரம். பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் விதுலா ஜெயஸ்வால் சுனார் பக்கம் நிற்கிறார். சுனாரைச் சுற்றிய குன்றுகளில் கள ஆய்வு செய்து 1998-இல் அவர் வெளியிட்ட நூல், குவாரி முதல் சாரநாத் சிற்பக்கூடம் வரை கல்லின் பாதையைப் பின்தொடர்கிறது. மலைமேல் வெட்டிக் கழற்றி அப்படியே விடப்பட்ட உருளைக் கற்கள் ஏராளமாகக் கிடப்பதை அவர் பதிவு செய்தார். சிலவற்றில் கரோஷ்டி எழுத்தில் கீறல்கள் இருந்ததாகவும் சொன்னார்.

கரோஷ்டி என்றால் வலமிருந்து இடமாக எழுதும் எழுத்து. அது காந்தாரத்துக்கு, இன்றைய பெஷாவர், தட்சசீலப் பகுதிக்கு உரியது. கங்கைக் கரைக் குன்றில் அதற்கு என்ன வேலை? வடமேற்கிலிருந்து கைவினைஞர்கள் வந்திருக்கிறார்கள் என்பது ஒரு விடை. மௌரியர் காலத்தில் இது நடவாத காரியமல்ல. கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் பிரம்மகிரி உள்ளிட்ட மூன்று இடங்களில் அசோகரின் சிறு பாறைக் கட்டளையை எழுதியவன் சபடன் என்னும் எழுத்தன். கட்டளையைப் பிராமியில் எழுதிவிட்டு, கடைசியில் தன் தொழிலைக் குறிக்கும் சொல்லை மட்டும் கரோஷ்டியில் எழுதிக் கையொப்பமிட்டான். அவ்வளவு தெற்கே ஒரு வடமேற்கத்தியான் வந்திருந்தால் சுனார் எம்மாத்திரம். ஆனால் அந்த உருளைக் கற்களைப் பற்றி எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. அதைச் செக்கைப் பற்றிப் பேசும் இடத்தில் சொல்கிறேன்.

தூண்கள் நின்ற இடங்களை ஆற்று வரைபடத்தின்மேல் வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. காசியை அடுத்த சாரநாத்துக்கு ஆற்றோட்டத்தோடு இறங்கினால் போதும். பாடலிபுத்திரத்துக்கும் அப்படியே. வைசாலி, நந்தன்கட், ராம்பூர்வா ஆகியவற்றுக்குப் பாட்னா அருகே கண்டகி ஆற்றில் திரும்பி எதிர்நீச்சல் போடவேண்டும். கௌசாம்பிக்கும் தோப்ராவுக்கும் கங்கையில் மேலேறி, பிரயாகையில் யமுனைக்குள் நுழையவேண்டும். காசியில் கோடைக்கும் மழைக்கால வெள்ளத்துக்கும் இடையே கங்கை 10 மீட்டருக்கு மேல் உயரும். கோடையில் குன்றடியில் அடுக்கிவைத்த கல்லை மழைக்காலம் தேடி வந்து ஏற்றிக்கொள்ளும். ஓட்டம் தணிந்ததும் படகைக் கிளப்பலாம். மௌரியர் காலத்தில் இப்படித்தான் செய்தார்கள் என்று சொல்ல ஓலையோ கல்வெட்டோ இல்லை. ஆனால் 1,600 ஆண்டுகள் கழித்து இதே தூண்களில் ஒன்று ஆற்றில் பயணப்பட்டபோது பார்த்தவர் எழுதிவைத்திருக்கிறார்.

1356-இல் சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக், தோப்ரா கிராமத்தில் நின்ற தூணை டெல்லிக்குக் கொண்டுவர ஆணையிட்டார். அப்போது சிறுவனாக இருந்த ஷம்ஸ் சிராஜ் அஃபிஃப் பின்னாளில் எழுதிய வரலாற்றில் அந்த வேலை படிப்படியாக இருக்கிறது. தூணைச் சுற்றிலும் இலவம்பஞ்சைக் குவித்தார்கள். அடியைத் தோண்ட, தூண் மெத்தைமேல் சாய்ந்தது. பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவியதும் தரைக்கு வந்தது. நாணலாலும் பதப்படுத்தாத தோலாலும் உச்சி முதல் அடி வரை சுற்றினார்கள். 42 சக்கரம் கொண்ட வண்டி செய்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு வடம், ஒவ்வொரு வடத்துக்கும் 200 ஆள். யமுனைக் கரையில் தானியம் ஏற்றும் பெரும் படகுகள் காத்திருந்தன. தரையில் சில கிலோமீட்டருக்கு ஆயிரக்கணக்கானோர், தண்ணீரில் அதைவிடப் பலமடங்கு தூரத்துக்குச் சில படகுகள். சுனாரின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது.

ஆனால் அருகில் இருக்கும் கல்தான் வாங்கப்படும் என்று நினைத்துவிடக் கூடாது. அசோகருக்குப் பிறகு குஷாணர் காலத்தில், கனிஷ்கரின் மூன்றாம் ஆட்சியாண்டில், பாலர் என்னும் பிக்கு சாரநாத்தில் ஒரு பெரிய போதிசத்துவர் சிலையை நிறுவினார். அது மதுராவில் செதுக்கப்பட்ட சிவப்பு மணற்கல் சிலை. சுனார் ஒரு நாள் படகுத் தூரத்தில் இருக்க, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி மதுராவிலிருந்து ஏன்? அன்று புத்த உருவம் செய்யத் தெரிந்த பட்டறை மதுராவில் இருந்தது என்பதுதான் காரணம். கல்லோடு கை தேவைப்பட்டது. அந்தச் சிலையைப் பார்த்துச் சாரநாத்தில் உள்ளூர்க் கல்லில் நகல் செய்யத் தொடங்கினார்கள். சில நூற்றாண்டுகளில், குப்தர் காலத்தில், நிலைமை தலைகீழாகிவிட்டது. ஐந்தாம் நூற்றாண்டுச் சாரநாத்தின் அறவுரை புத்தர், இந்தியச் சிற்பத்தின் உச்சங்களில் ஒன்று, சுனார் கல். மதுராவின் சிவப்புக் கல்லில் வராத ஒரு மென்மை அந்த வெளிர்நிறக் கல்லில் வந்திருக்கிறது. குவாரியின் செல்வாக்கு கீழே இருக்கும் பட்டறையின் செல்வாக்கைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வரலாற்றை எழுதுவதில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. குவாரி தன் பழைய ஏட்டைத் தானே அழித்துக்கொண்டு வளரும் இடம். நேற்று வெட்டிய முகத்தைத்தான் இன்று வெட்டுவார்கள். அசோகரின் உளித்தடம் இருந்த பாறையைக் குப்தர் காலத்தவர் வெட்டியிருப்பார். அவர் விட்டதை மராட்டியர் காலத்தவர். அதனால் சுனாரின் வரலாற்றுக்கான சாட்சிகள் பெரும்பாலும் வேறு ஊர்களில், ஆற்றோரங்களில் கிடக்கின்றன.

கோட்டையின் போர்களைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். அவை வேறு நூல்களில் போதிய அளவு உண்டு. ஷேர் கான், கோட்டைத் தலைவனின் விதவை லாட் மல்லிகாவை மணந்து கோட்டையைப் பெற்றார். ஹுமாயூன் அதை இருமுறை முற்றுகையிட்டார். பின்னர் முகலாயர், அவத் நவாபுகள், 1760-களில் கிழக்கிந்தியக் கம்பெனி. 1781-இல் காசி அரசர் சேத் சிங்கின் ஆட்கள் எதிர்த்துக் கிளம்பியபோது வாரன் ஹேஸ்டிங்ஸ் ஓடி ஒளிந்தது இந்தக் கோட்டையில்தான். கல்லுக்கு இந்தச் சண்டைகளால் பெரிய நன்மையுமில்லை, கேடுமில்லை.

கல்லுக்கு அடுத்த பெரிய வாடிக்கை காசியின் படித்துறைகள். இன்று நாம் படங்களில் பார்க்கும் கல் படிக்கட்டு வரிசை மிகப் பழமையானது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி 18, 19-ஆம் நூற்றாண்டுகளில், மராட்டிய அரசகுடும்பங்களின் பணத்தில் எழுந்தது. அகல்யாபாய் ஹோல்கர் அவர்களில் முதன்மையானவர். எதிர்க்கரையில் காசி அரசர் பல்வந்த் சிங் கட்டிய ராம்நகர் கோட்டையும் சுனார் கல்தான். மூட்டை கட்டிக்கொண்டு காசிக்குப் போன தமிழர்கள், கேதார் துறையில் குமாரசுவாமி மடத்தின் நிழலில் இறங்கிக் குளித்தபோதும், அனுமன் துறைப் பக்கம் பாரதி நடந்தபோதும், காலுக்கடியில் இருந்தது இந்தக் குன்றுகளின் துண்டுதான். கல் இவ்வளவு எளிதாகக் கிடைத்ததில் ஒரு ஆபத்தும் இருந்தது. 1830 வாக்கில் கட்டிய சிந்தியா துறை, தன் எடையைத் தானே தாங்காமல் ஆற்று மண்ணுக்குள் இறங்கியது. மலையிலிருந்து வந்த கல், வண்டலின்மேல் உட்காரும்போது வரும் வினை அது.

ஆறு கல்லைக் கொண்டுவந்தது மட்டுமல்ல, திருப்பியும் வாங்கிக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டில் காசியில் வருணா ஆற்றின்மேல் பாலம் கட்டியபோது, சாரநாத்திலிருந்து 48 சிலைகளையும் இன்னும் பல செதுக்கிய கற்களையும் கொண்டுபோய் நீரோட்டத்தைத் தடுக்க ஆற்றில் போட்டார்கள். புதுக்கல் வெட்டிக்கொண்டு வருவதைவிடப் பழைய புத்தர்கள் மலிவாக இருந்தார்கள்.

கம்பெனி ஆட்சிக்கு வந்ததும் கல்லைப் பார்த்த கண் வேறு. அதற்கு அது ஒரு வருவாய் இனம். குவாரிகள் அடங்கிய பகுதிக்கு ‘கல் மகால்’ என்றே பெயர். நிலத்துக்கு எப்படித் தீர்வையோ அப்படிக் கல்லுக்கும். 1886-இல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது: மிர்ஸாப்பூர் கல் மகால் சட்டம். ஒரு மாவட்டத்தின் மணற்கல்லுக்காக ஒரு பேரரசு தனிச் சட்டம் இயற்றியது என்றால் வெறும் சிலைக் கல்லுக்காக இருக்க முடியாது.

அங்கிருந்து போன சரக்கில் என்ன இருந்தது? அம்மி, குழவி, மாவரைக்கும் திருகை, கூரைக்கும் தரைக்கும் பாவும் கற்பலகை. எல்லாவற்றையும்விடப் பெரிய உருப்படி கரும்புச் செக்கு. கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் மேற்கு பீகாரிலும் கரும்பு விளையும் ஊர்தோறும் ‘கோல்ஹு’ என்னும் கல் செக்கு இருந்தது. ஒரே கல்லில் குடைந்த பெரிய உரல், அதற்குள் மரத்தடி சுழல, மாடு சுற்றிவரும். பல செக்குகளின் புறத்தில் பூவேலையும் விலங்கு உருவங்களும் உண்டு. ஆசம்கர், ஜௌன்பூர் பக்கத்துக் கிராமங்களில் மரத்தடிகளிலும் குளக்கரைகளிலும் இவை பாதி புதைந்து இன்றும் கிடக்கின்றன. ஆற்றுவழியாக ஒரு துறை வரை வந்து, அங்கிருந்து ஊர் கூடி உருட்டிப்போன கற்கள் இவை. அசோகரின் தூண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். செக்குகளை எண்ண ஆளில்லை. சுனார் குன்றுகளில் தலைமுறை தலைமுறையாக உளிச்சத்தம் ஓயாமல் இருந்ததற்குச் சக்கரவர்த்தியைவிடக் கரும்பு விவசாயிக்கே அதிகப் பங்கு என்பது என் கணிப்பு.

இப்போது அந்த உறுத்தலுக்கு வருகிறேன். செக்குக்கான கல்லை மலையிலேயே உருளையாகத் தட்டி எடுப்பார்கள். எடை குறையும், உருட்ட வசதி. அப்படியானால் குன்றில் கிடக்கும் ஒரு உருளைக் கல் மௌரியர் தூணுக்காக வெட்டியதா, செக்குக்காக வெட்டியதா? வடிவத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதன் நீளம், உளித்தடத்தின் ஆழம், கீறிய எழுத்தின் காலம், சுற்றிக் கிடக்கும் கழிவுச் சில்லுகளின் அடுக்கு எல்லாம் சேர்ந்துதான் பேசவேண்டும். எழுத்து உள்ள கற்களுக்கு ஜெயஸ்வாலின் வாதம் வலுவானது. எழுத்தில்லாத நூற்றுக்கணக்கானவற்றை மௌரியர் கணக்கில் எழுதுவதற்குமுன் நான் தயங்குவேன். சுனார் கல்லையும் பபோசா கல்லையும் மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் ஒப்பிடும் ஆய்வு தூணுக்குத் தூண் நடந்தால் வழக்கில் பாதி தீரும். ஆனால் பாதுகாக்கப்பட்ட தூணிலிருந்து துணுக்கு எடுக்க எளிதில் அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

கல் செக்கின் காலம் சட்டென்று முடிந்தது. 1870-களில் பீகாரின் பிஹியாவில் தாம்சன், மில்ன் என்னும் இரு ஐரோப்பியப் பண்ணையார்கள் ஒரு இரும்பு உருளைச் செக்கை உருவாக்கினார்கள். இலேசானது, சாறு அதிகம் தரும், வாடகைக்கும் கிடைத்தது. ஊர் ஊராக அது பரவ, சுனாரின் மிகப் பெரிய கிராமச் சந்தை கையைவிட்டுப் போனது. அதே காலத்தில் ரயில் பாதையும் வந்து சேர்ந்திருந்தது. கல் இனி ஆற்றைக் கேட்டுப் போகவேண்டியதில்லை. அரசாங்கக் கட்டடங்கள் புது வாடிக்கையாயின. அதற்கு முன்னோடி காசியின் குயீன்ஸ் கல்லூரி. இங்கிலாந்தின் கோதிக் பாணிக் கூர்வளைவுகளைச் சுனார் கல்லில் எழுப்பியவர் மேஜர் மார்க்கம் கிட்டோ. 1850-களின் தொடக்கத்தில் ஒரு பக்கம் இந்தக் கட்டடத்தை முடித்துக்கொண்டே, மறுபக்கம் சாரநாத்தில் அகழாய்வும் நடத்தினார் அவர். குப்தர் காலச் சிற்பியின் கல்லை மண்ணிலிருந்து எடுத்தபடி, அதே மலையின் கல்லில் கோதிக் ஜன்னல் வைத்த மனிதர். இந்த முரண் அவருக்குச் சுவையாகப் பட்டதோ என்னவோ, எனக்குப் படுகிறது.

விடுதலைக்குப் பின் கட்டடத் தொழிலைப் பிடித்துக்கொண்டது சிமென்ட். அதுவும் பக்கத்திலிருந்தே வந்தது. மணற்கல்லுக்குத் தெற்கே, சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் படுகை இருக்கிறது. உத்தரப் பிரதேச அரசின் சிமென்ட் கழகம் சுர்க், டல்லா ஆகிய ஊர்களோடு சுனாரிலும் ஆலை நடத்தியது. கற்பலகை பாவிய கூரையின் இடத்தைக் கான்கிரீட் எடுத்துக்கொண்டது, கல் ஊரிலேயே. இன்று சுனார் மணற்கல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். கோயில் மண்டபம், ஜாலி வேலை, தூண், தரைப்பலகை என்று தேவை தொடர்கிறது. சம்மட்டியும் ஆப்பும் இருந்த இடத்தில் துளைப்பான், மின்சார ரம்பம், சாணை.

தூசி அதோடு பெருகியது. சம்மட்டி அடியில் தெறிப்பது பெரும்பாலும் சில்லு. ரம்பமும் சாணையும் கிளப்புவது கண்ணுக்குத் தெரியாத குவார்ட்ஸ் பொடி. சாரநாத் சிங்கத்துக்குக் கண்ணாடிபோல் மெருகேற இடம் கொடுத்த அதே சிலிகா, நுரையீரலின் நுண்ணறைகளில் தங்கினால் வெளியேறாது. அங்கே தழும்பு கட்டி, மூச்சைச் சுருக்கி, காசநோய்க்கும் வழி திறந்துவிடும். இதுதான் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது, தடுக்க மட்டுமே முடியும். இந்தியச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட தொழில்நோய் அது. ஆனால் தினக்கூலிக்கு வந்து போகிறவருக்கு எந்தக் குவாரியில் எத்தனை ஆண்டு வேலை செய்தோம் என்று காட்டத் தாள் இருப்பது அபூர்வம். மார்பு நோயைக் காசநோய் என்று எழுதிவிட்டால் இழப்பீட்டுப் பேச்சும் அங்கேயே முடிந்துவிடும். தடுக்கும் முறை பழையது, எளியது: ரம்பத்தின் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டவேண்டும். அடிவாரத்தில் கங்கை ஓடுகிறது. கோடையில் மேட்டுப் பட்டறைக்கு அந்தத் தண்ணீர் வண்டியில் ஏறி, விலைபோட்டுத்தான் வரவேண்டும்.